கண் வைக்காத படம்

மத்தியானம் ரெண்டு மணி இருக்கும். செம்மண் ரோடு... ரெண்டு பக்கமும் சால மரம். ஈ காக்கா கிடையாது. அந்த ரோட்டுல ஒரு ஸ்கூட்டர் மட்டும் போகுது. ஓட்டறவர் பேரு அபரேஷ். பின்னாடி அவர் சம்சாரம், சுலதா...

என்னடா சிரிப்பு அங்க? பேய்க் கதைன்னா நடு ராத்திரியிலதான் ஆரம்பிக்கணும்னு சட்டமா? நான் கல்கத்தாப் பக்கம் துர்காபூர்ல பாதி ஆயுசைக் கழிச்சவன். அந்த ஊர்க்காரங்களுக்கு ராத்திரின்னா பயமே கிடையாது. மீன் குழம்பு ஊத்திச் சாப்பிட்டுட்டு, வாயு மாத்திரையைப் போட்டுக்கிட்டுக் கவுந்தடிச்சுப் படுத்துடுவாங்க. உச்சி வெயில்தான் அவங்களுக்கு ஆகாது. அந்த நேரத்துல பிள்ளைங்களை வாசப்படி தாண்ட விடமாட்டாங்க. ஏன்னு கேட்டா... பேச்சை மாத்திடுவாங்க.

பாயைக் கிட்ட இழுத்துப் போடுங்க. யாரது, செல்போன் வெளிச்சம்? அணை. கரண்ட் வர்றப்ப வரட்டும்.

என்கூட ஃபேக்டரியில ஷிஃப்ட் பார்த்தவன் நிதாய். அவனோட கூடப் பிறந்த அண்ணன்தான் இந்த அபரேஷ். பள்ளிக்கூடத்துல டிராயிங் வாத்தியார். சாதுவான மனுஷன். சட்டைப் பையில எப்பவும் ஒரு கறுப்பு மைப் பேனா இருக்கும். டீக்கடையில உட்கார்ந்தா டீக்கடைக்காரர் மூக்கை வரைஞ்சு அவர்கிட்டயே காட்டுவார். அப்படி ஒரு ஆளு.

சுலதாவுக்கு ஒரே ஒரு தம்பி. ஹாபுல். அங்க அஜய்ன்னு ஒரு ஆறு... அந்த வருஷம் புரட்டாசி வெள்ளத்துல அதுல போயிட்டான். செருப்பு கிடைச்சுது. குடை கிடைச்சுது. ஆள் கிடைக்கல. மீன் பிடிக்கறவங்க வலை போட்டாங்க, போலீஸ் படகு விட்டாங்க... ஒண்ணும் ஆகல. கடைசியில ஒரு தர்ப்பைப் பொம்மை செஞ்சு அதுக்குத்தான் கொள்ளி வெச்சாங்க.

அதுல இருந்து சுலதா சிரிக்கல. குழம்புல உப்பு போட மறந்துடுவா. ராத்திரி எழுந்து உட்கார்ந்துக்குவா. "நான் அவன் முகத்தைப் பார்க்கலையேங்க... கண்ணை மூடி விடக்கூட யாரும் இல்லையே. அந்தக் கலங்கல் தண்ணியில கண்ணு தெரியாமத் தடவிக்கிட்டே இருப்பான்"னு சொல்லுவா. அபரேஷ் என்ன சொல்லித் தேத்துவார்? சும்மா முதுகைத் தடவிக் கொடுப்பார்.

பங்குனி பிறக்கிற சமயம். பலாசப் பூ ரோட்டோரமெல்லாம் செக்கச் செவேல்னு பூத்துக் கிடக்கு. ஒரு ஞாயித்துக்கிழமை காலையில அபரேஷ் சொன்னார்... "வா, போல்பூர்ப் பக்கம் போயிட்டு வரலாம். படம் பார்த்துட்டு, சாப்பிட்டுட்டு, சாயங்காலம் திரும்பிடலாம்." அந்தப் பக்கம் தெருவுக்கு ஒரு ஓவியர் வீடு, சந்துக்கு ஒரு அருங்காட்சியகம். ஞாயித்துக்கிழமைன்னா கல்கத்தாவே அங்க வந்து இறங்கிடும். கழுத்துல துப்பட்டாவும் தோள்ல ஜோல்னாப் பையுமா...

சுலதா மறுக்கல. அதுவே பெரிய விஷயம். ஆத்துப் பாலம் தாண்டறப்ப மட்டும் அவர் முதுகுல முகத்தைப் புதைச்சுக்கிட்டா. பாலம் முடிஞ்சதும் அவரே "வந்தாச்சு"ன்னார்.

நல்ல நாள்ப்பா அது. முதல்ல ஒரு சிற்பியோட வீடு. தோட்டம் பூரா சிமெண்ட்டும் கூழாங்கல்லும் கலந்து செஞ்ச ஆளுங்க... கூடை தூக்கிக்கிட்டு, பிள்ளையை இடுப்புல வெச்சுக்கிட்டு. அபரேஷ் ஆரம்பிச்சுட்டார்.

"இந்தத் தோளைப் பாரு சுலதா. கனம் எங்க இறங்குதுன்னு பாரு. கழுத்துல இருந்து நேரா இடுப்புக்கு..."

"சார், நான் ஏழாங் கிளாஸ் இல்ல. வீட்டுப்பாடம்லாம் எழுத மாட்டேன்."

அவ கிண்டல் பண்ணினா! வெள்ளம் வந்ததுக்கப்புறம் முதல் தடவையா. அபரேஷுக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. வெயில் கூசுதுன்னு சொல்லித் துடைச்சுக்கிட்டார்.

அடுத்தது சுட்ட மண் பொம்மைங்க வெச்சிருக்கிற ஒரு இடம். அங்க ஒரு யானையைக் காட்டி, "உங்க ஹெட்மாஸ்டர்"னா. வாசல்ல மண் கப்புல டீ. அப்புறம் ஒரு கூரைக் கடையில சோறு, கசகசா போட்ட உருளைக்கிழங்கு, தக்காளி இனிப்புத் தொக்கு. சுலதா ரெண்டாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டா. 'மீண்டுட்டா... இனிமே பயமில்ல'ன்னு அபரேஷ் மனசுக்குள்ள கும்பிட்டார்.

அங்கயே வண்டியைத் திருப்பியிருக்கணும்.

ஆனா சாப்பாட்டுக் கடைக்காரர் சொன்னார்... "ஷிகா மாசி வீட்டுப் படம் பார்க்கலையா? சனி ஞாயிறுதான் திறப்பாங்க. ஒரு போன் போட்டுட்டுப் போங்க"ன்னு நம்பரும் கொடுத்தார். அபரேஷ் போன் பண்ணினார். வாங்கன்னுட்டாங்க. அப்படித்தான் அந்தச் செம்மண் ரோட்டுக்கு வந்தாங்க. காத்து இல்ல. எங்கயோ ஒரு புறா மட்டும்... குர்ர்ர்... குர்ர்ர்...

மாசின்னா அங்க சித்தி, பெரியம்மா முறை. ஷிகா மாசிக்கு வயசு எழுபதுக்கு மேல. வாய் நிறைய வெத்திலை, சோடா புட்டிக் கண்ணாடி. "என் வீட்டுக்காரர் ஆயுசு பூரா இதைச் சேர்த்தார். நான் என் ஆயுசு பூரா இதுக்குத் தூசி தட்டறேன்"னு சிரிச்சாங்க. நீளமான ஒரு ஹால். நாப்தலின் உருண்டை வாசனை. மேல ஒரு பழைய ஃபேன்... கிறீச்... கிறீச்... சுவர் முழுக்கக் கண்ணாடி போட்ட சின்னச் சின்னப் படங்க. ஒவ்வொண்ணுலயும் ஒரு ஆளு, பக்கவாட்டு முகம். ஒருத்தன் கையில கோழி. ஒருத்தி கையில சொம்பு. ஒருத்தன் பக்கத்துல மாடு. ஒரு படம் மட்டும் மேசை மேல திறந்து கிடந்துச்சு. அதோட கண்ணாடி உடைஞ்சு, மாத்தக் கொடுத்திருக்காங்களாம்.

"பார்த்துக்கிட்டே இருங்க. நான் ரெண்டு வாய் சோறு தின்னுட்டு வந்துடறேன்." மாசி உள்ள போயிட்டாங்க.

அபரேஷ் படங்களை உத்துப் பார்த்தார். ஏதோ உறுத்துது... என்னன்னு பிடிபடல. அப்புறம்தான் தெரிஞ்சுது. ஒருத்தருக்கும் கண்மணி இல்ல. கண்ணோட வடிவம் இருக்கு. உள்ள வெறும் காகிதம்.

"முடிக்காம விட்டுட்டாங்களே!"ன்னார்.

"முடிக்காம விடலைங்க." சுலதாவோட குரல் மாறிப் போச்சு. "எங்க பக்கத்துல பார்த்திருக்கேன். சந்தால் பழங்குடி வீடுகள்ல யாராவது செத்துட்டா படக்காரர் வருவார். கையில ஒரு படம். 'இது உங்க ஆளு. அங்க கண்ணு தெரியாம அலையறான், வழி தெரியல'ன்னு சொல்லுவார். வீட்டுக்காரங்க அரிசியோ, வெண்கலக் கிண்ணமோ, துணியோ கொடுப்பாங்க. வாங்கிட்டு அங்கயே உட்கார்ந்து கண்மணியை வைப்பார். அப்புறம் செத்தவங்களுக்குக் கண்ணு வந்துடும். வழி தெரிஞ்சு போயிடுவாங்க."

"அப்ப இவங்க எல்லாம்..."

"கொடுக்க யாரும் இல்லாதவங்க."

கிறீச்... கிறீச்...

சுலதா மேசைகிட்டப் போனா. அந்தத் திறந்து கிடந்த படத்துல ஒரு வாலிபன். முழங்கால் வரைக்கும் வேட்டி. கக்கத்துல குடை.

அவ்வளவுதான். அப்படியே நின்னுட்டா.

"ஏங்க... பேனா கொடுங்க. இல்ல, நீங்களே வைங்க. உங்க கை நடுங்காது."

"சுலதா, இது ஹாபுல் இல்லம்மா. நம்ம பிறக்கறதுக்கு முன்னாடி வரைஞ்சது."

"படக்காரர் யார் முகத்தையும் பார்த்து வரைய மாட்டாருங்க. முன்னாடியே வரைஞ்சு வெச்சுக்குவார். எந்த வீட்டு வாசல்ல காட்டறாரோ, அந்த வீட்டு ஆளு அது. யாரு கண்ணைக் கொடுக்கறாங்களோ, அவங்களோட ஆளு. ஒரு புள்ளிங்க... ஒரே ஒரு புள்ளி. என் தம்பி கரையேறிடுவாங்க."

அடுத்தவங்க பொருள்ல கிறுக்கறது தப்புன்னு அபரேஷுக்குத் தெரியாதா? நல்லாத் தெரியும். ஆனா காலையில இருந்து சிரிச்ச அந்த முகம் மறுபடியும் இருண்டு போறதை அவரால பார்க்க முடியல. அதோட, கண்மணி இல்லாத கண்ணு ஒரு டிராயிங் வாத்தியாருக்குக் கை அரிக்கிற விஷயம். பேனாவை எடுத்தார். குனிஞ்சார். வெச்சார்.

பழைய காகிதம்... மை பரவியிருக்கணும். பரவல. நாக்குல விட்ட சொட்டு மாதிரி... உள்ள இழுத்துக்கிச்சு.

ஃபேன் நின்னுடுச்சு.

"ஐயோ!"ன்னா சுலதா. "முதல்ல கொடுத்திருக்கணும்ங்க... கொடுத்துட்டுத்தான் கண்ணு வைக்கணும்..." பையைக் கொட்டித் தேடினா. தண்ணி பாட்டில், பொரிப் பொட்டலம், சீப்பு. கொடுக்கிற மாதிரி ஒண்ணும் இல்ல. பதட்டத்துல கையைக் கூப்பிக்கிட்டுச் சொன்னா...

"உன் அக்கா... உன் திதி கையில இப்ப ஒண்ணும் இல்லடா ராஜா. என்கிட்ட இருக்கறதுல உனக்கு எது வேணுமோ... எடுத்துக்கோ."

நாப்தலின் வாசனை போச்சு. ஈர மணல் வாசனை... ஆறு வத்தினதும் கரையில வருமே, அது. ஒரு நிமிஷம்தான். அப்புறம் ஃபேன் மறுபடியும், கிறீச்... கிறீச்... சுலதா இடது கண்ணைக் கசக்கினா. "தூசி விழுந்துட்டுது போல"ன்னா.

வெளியில வந்து வண்டியில ஏறிட்டாங்க. மாசி சாப்பிட்டு முடியல. சொல்லிக்காமலே கிளம்பினாங்க. தப்பு பண்ணினவங்க அப்படித்தானே கிளம்புவாங்க.

அந்த ரோட்டுல வர்றப்பத்தான் சுலதா பின்னாடி இருந்து மெதுவாக் கேட்டா... "ஏங்க, நம்ம வெளியில வந்துட்டோம்தானே?"

"ஆமா. ஏன்?"

"எனக்கு இன்னும் அந்த ஹால் தெரியுதுங்க."

அபரேஷ் வண்டியை நிறுத்தினார். அவ வலது கண்ணைக் கையால மூடிக்கிட்டு உட்கார்ந்திருக்கா. இடது கண்ணு நல்லாத் திறந்திருக்கு. வெயில் நேரா முகத்துல அடிக்குது, அந்தக் கண்ணு கூசவே இல்ல.

"மாசி வந்துட்டாங்க... வெத்திலை மடிக்கறாங்க... சேலைத் தலைப்பால மேசையைத் துடைக்கறாங்க. துணி என் மேல படற மாதிரி வருதுங்க... ஐயோ..."

அவர் போனை எடுத்து மாசி நம்பருக்கு அடிச்சார். "மாசி, சொல்லாம வந்துட்டோம், மன்னிச்சுக்குங்க... என்ன பண்ணிக்கிட்டிருக்கீங்க?"

"என்ன பண்றது, மேசையைத் துடைக்கறேன். வெத்திலையைப் போட்டுட்டுப் பேசறேன், இரு..."

அபரேஷ் போனை வெச்சுட்டார்.

அன்னைக்குச் சாயங்காலமே துர்காபூர்ல கண் டாக்டர் பார்த்தார். கண்ணுல ஒரு கோளாறும் இல்லைன்னார். நரம்பு நல்லாயிருக்கு, பூ விழல, நீர் கோக்கல. லைட்டை அணைச்சு ஒரு தடவை பார்க்கறேன்னார். அணைச்சார். இருட்டுல வலது கண்ணோட பாப்பா பெரிசாச்சு, எல்லாருக்கும் ஆகிற மாதிரி. இடது கண்ணுல... கடுகு மாதிரி சின்னதாவே நிக்குது. நல்ல பகல் வெளிச்சத்துல நிக்கிற கண்ணு. டாக்டர் லைட்டைப் போட்டார். அணைச்சார். போட்டார். அது அசையல.

அவர் சீட்டு எழுதிக்கிட்டிருக்கறப்ப சுலதா சொன்னா... "மாசி ஜன்னலைச் சாத்தறாங்க." டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். அறை முழுக்க வெளிச்சம். இடது பாப்பா மட்டும் தானா விரிஞ்சுக்கிட்டே போகுது... விரிஞ்சு விரிஞ்சு கண்ணு பூராக் கறுப்பா...

டாக்டர் ஃபீஸ் வாங்கல. "கல்கத்தாவுல பெரிய ஆஸ்பத்திரியில காட்டுங்க"ன்னு சொல்லி எழுந்துட்டார்.

காட்டினாங்க. அங்கயும் இதே கதைதான்.

அபரேஷ் ஓடாத இடம் இல்ல. மாசி காலைப் பிடிச்சு உண்மையைச் சொன்னார். அவங்க கண்ணாடியைத் தூக்கி நெத்தியில வெச்சுக்கிட்டுப் படத்தைப் பார்த்தாங்க. அதுக்குள்ள புதுக் கண்ணாடி போட்டு, வாசலைப் பார்த்த மாதிரி மாட்டியிருந்தாங்க. "இது எப்பவும் இப்படித்தானேப்பா இருந்துது?"ன்னாங்க. விலைக்குக் கேட்டார். "ஒண்ணைக்கூடக் கொடுக்க மாட்டேன்னு அவர் தலைமாட்டுல சத்தியம் பண்ணியிருக்கேன். வேற எது வேணாலும் கேளு." புள்ளியைச் சுரண்டிடலாமான்னு ஒரு நினைப்பு. சுரண்டினா கண்ணு திரும்பி வருமா... ஒரேயடியாப் போயிடுமா? யாரைக் கேட்கறது? சந்தையில ஒரு படக்காரரைப் பிடிச்சு விஷயத்தைச் சொன்னார். அந்த ஆளு பாதி கேட்டதும் படங்களைச் சுருட்டிக்கிட்டு எழுந்து போயிட்டார். வாங்கிக் கொடுத்த டீயைக்கூடத் தொடல.

சுலதா பழகிக்கிட்டா. பழகித்தானே ஆகணும்? ஒரு கண்ணால காய் நறுக்குவா. இன்னொண்ணு அங்க. "இன்னைக்குக் காலேஜ் பசங்க வந்திருக்காங்க... ஒருத்தன் என் முன்னாடி நின்னு தலை வாரறான்"னு சொல்லிச் சிரிக்கக்கூடச் செஞ்சா. வார நாள்ல பூரா இருட்டு. அரைக் கண்ணு இருட்டோடயே சமைப்பா, குளிப்பா. மூடினாலும் தெரியும். தூங்கினாலும் தெரியும். அபரேஷ் பக்கத்துல உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருப்பார். வேற என்ன பண்ணுவார்?

அப்புறம் ஒரு சனிக்கிழமை மத்தியானம்... சமையல்கட்டுல இருந்து ஒரு சத்தம். பாத்திரம் உருண்ட சத்தம். கூடவே அவளோட கத்தல்.

"ஹாபுல்! ஹாபுல்! இங்கடா!"

ஓடிப் போய்ப் பார்க்கறார். சுவத்தைப் பார்த்து நின்னுக்கிட்டுக் கத்தறா.

"வந்திருக்கான்ங்க... மாசி சாப்பிடப் போனதும் வந்தான்... உடம்பெல்லாம் சொட்டச் சொட்ட நனைஞ்சு... கண்ணு ரெண்டும் வெள்ளையா, உரிச்ச முட்டை மாதிரி... சுவத்தைத் தடவிக்கிட்டே வரான். ஒவ்வொரு படமா... கண்ணாடி மேல விரலை வெச்சு முகம் தேடறான்ங்க. தன் முகத்தைத் தேடறான். ஹாபுல்! திதி இங்க இருக்கேன்டா... இதோ, இதோ வந்துட்டான், என் மேலயே கை வைக்கறான்... ஐயோ, தாண்டிப் போறானே... தாண்டிப் போறானே..."

அவ வாய் இங்க இருக்கு. அங்க இருக்கறது கண்ணு மட்டும்தான். கண்ணு எப்படிக் கூப்பிடும்?

மறுநாளும் வந்தான். அடுத்த சனி ஞாயிறும் வந்தான். அதே நேரம். அதே தடவல். அபரேஷ் காதுல பஞ்சு வெச்சுப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரங்க நிதாய்கிட்ட வந்து கேட்டாங்க. நிதாய் என்கிட்ட வந்து அழுதான்.

அந்த வாரம் அபரேஷ் ஒரு முடிவுக்கு வந்தார். தப்பு எங்கன்னு அவருக்குப் புரிஞ்சுடுச்சு. ஹாபுலுக்குன்னு ஒரு படம் இல்ல. யாரோ ஒருத்தரோட படத்துல கண்ணை வெச்சாச்சு. அவனோட படத்தை அவனுக்கு வரைஞ்சுட்டா? வரையறதுதானே அவருக்குத் தெரிஞ்ச ஒரே வேலை. மச்சானை எத்தனை தடவை வரைஞ்சிருப்பார்! அந்தக் கோணல் பல்லு, தாடையில இருந்த வெட்டு, நெத்தியில விழற முடி... ராத்திரி பகலா உட்கார்ந்து வரைஞ்சார். முகத்தை மட்டும் படக்காரங்க மாதிரி பக்கவாட்டுல வெச்சார். சுலதா பார்த்தா. படத்தோட கன்னத்துல ஒரு விரலை வெச்சுட்டு எடுத்துக்கிட்டா. கண்மணி வைக்கல. இந்தத் தடவை முறையா... ஒரு வெண்கலக் கிண்ணம், புது அரிசி, ஒரு துண்டு. எல்லாம் எடுத்துக்கிட்டு ஞாயித்துக்கிழமை அவர் மட்டும் கிளம்பினார். சுலதா வீட்டுல. காதுல போன்.

மாசி பாவம், தடுக்கல. "என்னமோ செய்ப்பா, அந்தப் பொண்ணு நல்லாயிருக்கட்டும்"னு சொல்லிட்டுச் சாப்பிடப் போயிட்டாங்க.

ஹால்ல அபரேஷ் தனியா. மேசை மேல படம். பக்கத்துல கிண்ணம், அரிசி, துண்டு. கையில திறந்த பேனா. ஃபேன்... கிறீச்... கிறீச்...

"வந்துட்டானா?"

"இல்லைங்க. உங்களைத்தான் பார்க்கறேன். சட்டைக் காலரைச் சரி பண்ணுங்க." அந்த நேரத்துலயும்.

ஃபேன் நின்னுது.

அவர் கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. ஈர மணல் வாசனை மட்டும் வந்துச்சு. தரையில சத்தம்... டப்... டப்... சொட்டற சத்தம்.

"வந்துட்டான்..." சுலதா கிசுகிசுத்தா. "வாசல் தாண்டிட்டான். சுவத்தைத் தடவறான். அசையாதீங்க... உங்க பின்னாடிதான் வரான்... உங்க முதுகைத் தொட்டுப் பார்க்கறான்..."

சட்டை முதுகோட ஒட்டிக்கிச்சு.

"தாண்டிட்டான்... மேசைகிட்ட வந்துட்டான். குனியறான். படத்தைத் தடவறான்ங்க... நெத்தி... மூக்கு... தாடையில அந்த வெட்டு... நின்னுட்டான்! கையை எடுக்கல! தெரிஞ்சுக்கிட்டான்ங்க! கொடுத்துட்டு வைங்க... வைங்க, வைங்க!"

அபரேஷ் கிண்ணத்தைத் தள்ளி வெச்சார். அரிசியைக் கொட்டினார். துண்டை விரிச்சார். "ஹாபுல், இது உன் திதி கொடுக்கறது. வாங்கிக்கிட்டுக் கண்ணைத் திறந்து போய்ச் சேருப்பா." பேனாவை வெச்சார். ஒரே புள்ளி.

காகிதம் இழுத்துக்கிச்சு.

டப் டப் சத்தம் நின்னுடுச்சு. போன்ல சுலதா மூச்சு விடற சத்தம் மட்டும்... அபரேஷுக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துச்சு. முடிஞ்சுது. ஒருவழியா முடிஞ்சுது.

"சுலதா... பார்த்தானா? கண்ணு வந்துடுச்சா?"

"வந்துடுச்சுங்க."

"போறானா?"

அபரேஷ் போனைக் காதோட அழுத்திக்கிட்டார்.

"சுலதா?"

"நிமிர்ந்து பார்க்குதுங்க." குரல் தேஞ்சு போச்சு. "சிரிக்குது... துண்டை எடுத்துத் தோள்ல போட்டுக்குது... ஏங்க... கண்ணு திறந்ததும்தான் முகம் தெரியுது..."

"என்ன?"

"இது ஹாபுல் இல்லீங்க."

அபரேஷ் குனிஞ்சு மேசையைப் பார்த்தார். கிண்ணம் இல்ல. ஒரு மணி அரிசி இல்ல. படம் இருந்துச்சு. கோணல் பல்லு, நெத்தி முடி, தாடை வெட்டு... வாரம் பூரா கண் முழிச்சு வரைஞ்ச மச்சான் முகம். அதுக்குள்ள இருந்து, கொடுக்க ஆளில்லாத வேற யாரோ ஒருத்தரோட கண்ணு பார்த்துக்கிட்டிருந்துச்சு.

வாசல் பக்கம்... டப்... டப்...

போன்ல சுலதா ஓன்னு அழ ஆரம்பிச்சுட்டா.

"ஹாபுல் இப்பத்தாங்க வந்து நிக்கறான்... சுவத்தைத் தடவிக்கிட்டு..."